எட்டுப் பேருக்கு ஒரு பலகை

டோக்கன் நாற்பத்தேழு. கண்ணாடிப் பெட்டிக்கு மேலே சிவப்பு எழுத்தில் முப்பத்தொன்று. இடையில் பதினைந்து பேர், ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்று வைத்தால் அரைமணி, ஆனால் இங்கே இரண்டு நிமிஷம் எங்கே போதும், ஒரு துண்டு வாங்குவதற்கு முன்னால் மூன்று துண்டு தின்று பார்க்கிற கூட்டம் இது, வந்ததிலிருந்து கோமதிநாயகம் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார். அறுபத்தொரு வயசு, திருநெல்வேலியில் நாற்பது வருஷமாகக் கல்யாணச் சமையல், ஐந்நூறு இலை, ஆயிரம் இலை, ஒரு தடவை கோயில் கொடைத் திருவிழாவில் நாலாயிரம் இலை, இன்றைய தேதி வரைக்கும் ஒரு பந்தியிலும் அவர் கரண்டி அண்டாவின் அடியைத் தட்டிச் சத்தம் கேட்டதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன் சென்னையில் குளிரூட்டிய கடை ஒன்றில், எட்டே எட்டுப் பேருக்குப் பன்றிக்கறியும் பாலாடைக்கட்டியும் வாங்கச் சீட்டு எடுத்துக்கொண்டு நிற்கிறார், அதுவும் பிறந்ததிலிருந்து முட்டை ஓட்டைக்கூடத் தொடாத சைவம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். மகள் கேட்டிருக்கிறாள். நேற்று மடிப்பாக்கத்தில் ஒரு கிரகப்பிரவேச வேலையில் கேசரிக்கு ரவை வறுபடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் செண்பகாவின் போன் வந்தது. "அப்பா, நாளைக்கு மாமாவுக்கு எழுபது முடியுது. சாயங்காலம் வீட்டுல சின்னதா ஒரு விசேஷம் வச்சிருக்கோம். அவருக்கு ஆசைன்னு சார்குட்டரி போர்டு வைக்கலாம்னு இருக்கேன். நீங்க இங்கனதான இருக்கீங்க, சாமானை வாங்கிக் கொண்டாந்திருங்க. எட்டுப் பேருக்கு. அளவு நீங்களே போட்டுருங்க, உங்களுக்குத் தெரியாததா." அந்தப் பேர் அவர் நாக்கில் இரண்டு தடவை வழுக்கி விழுந்தது, பிறகு அவராகவே அதற்குப் பலகை என்று பேர் வைத்துக்கொண்டார். ஒரு மரப்பலகை, அதன் மேல் மெல்லிசாகச் சீவின கறி, நாலைந்து தினுசு சீஸ், ஆலிவ் காய், அத்திப்பழம், பாதாம், ரொட்டி, உப்பு பிஸ்கட், எல்லாம் கோலம் மாதிரி அடுக்கி மேஜை நடுவில் வைப்பார்களாம், அவரவர் எட்டி எடுத்துக்கொள்ள வேண்டியதாம், பரிமாற ஆளே கிடையாதாம். மகளின் மாமனார் கலியபெருமாள் பாண்டிச்சேரிக்காரர், பிரான்சு ராணுவத்தில் பதினைந்து வருஷம் இருந்தவர், அங்கே தின்ற நாக்கு இன்னும் அதைத்தான் கேட்கிறது. கேட்கட்டும். உங்களுக்குத் தெரியாததா என்று மகள் சொன்ன அந்த ஒரு சொல்லை நேற்றிலிருந்து வெற்றிலை மாதிரி ஒதுக்கி வைத்து மென்றுகொண்டிருக்கிறார். அதில் ஒரு குறையும் இல்லை. எட்டுப் பேருக்கு என்றாளே, அந்த இடத்தில்தான் பல்லில் ஏதோ கடிபடுகிறது. அந்த எட்டில் தான் உண்டா இல்லையா என்பது கோமதிநாயகத்துக்குத் தெரியவில்லை.

முப்பத்து மூன்று. கேட்டால் தெரிந்துவிட்டுப் போகிறது, போன் பையில்தான் இருக்கிறது, ஆனால் அதை எப்படிக் கேட்பது, ஏட்டி என்னையும் சேத்தா சொன்னே என்று பெற்ற மகளிடம் ஒருத்தன் கேட்பானா, கேட்கத்தான் முடியுமா. அளவைப் பார்ப்போம், அளவில் மனசு நின்றால் மற்றது தானாக அடங்கும். செண்பகா வாட்ஸப்பில் ஒரு கணக்கு அனுப்பியிருந்தாள், எவனோ வெள்ளைக்காரன் போட்டது, ஆளுக்குக் கறி ஐம்பத்தாறு கிராம், சீஸ் ஐம்பத்தாறு கிராம். ஐம்பத்தாறு! ஐம்பது இல்லை, அறுபது இல்லை, ஐம்பத்தாறு. மனுஷ வயிற்றைத் தட்டான் தராசில் வைத்து நிறுத்தவன் போலிருக்கிறது. நூறு பேருக்குப் பத்துக் கிலோ அரிசி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார் கோமதிநாயகம், ஆனால் எந்த நூறு பேர் என்று கேட்காமல் வாயைத் திறக்க மாட்டார். வயற்காட்டு ஆட்களா, பாங்க் ஆட்களா, மழைக்காலமா, முகூர்த்தம் காலை ஏழரையா பதினொன்றா, மாப்பிள்ளை ஊர் பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, எல்லாம் தெரிந்தால்தான் பேனாவைத் திறப்பார். இந்த வெள்ளைக்காரனுக்கு வெள்ளிக்கிழமை தெரியுமா? இன்றைக்கு வெள்ளிக்கிழமை. கலியபெருமாளின் சம்சாரம் அஞ்சலாட்சி அம்மாள் வெள்ளியும் செவ்வாயும் கறி தொட மாட்டார், தொடாதது மட்டும் இல்லை, கறி பட்ட பலகையில் இருக்கிற திராட்சைப் பழத்தைக்கூட எடுக்க மாட்டார், ஆக ஒரு பலகை என்பதே தப்பு, இரண்டு பலகை, இரண்டு கத்தி, சின்னப் பலகை மேஜையின் இந்த மூலையில். இதைச் செண்பகா யோசித்திருக்க மாட்டாள். நான் யோசிக்கிறேன், அதற்குத்தானே நான். பிறகு எச்சில். கடித்த பிஸ்கட்டையே திரும்பவும் பொதுக் கிண்ணத்தில் முக்குவார்களாம் அந்த ஊரில், இங்கே ஒருத்தர் முக்கினால் அந்தக் கிண்ணம் அதோடு தீர்ந்தது, அதனால் கிண்ணம் ஒன்று வேண்டாம், ஆளுக்கொரு சின்னக் கிண்ணம். பிறகு கூச்சம். நம்முடைய ஆட்கள் முதல் துண்டை எடுக்க மாட்டார்கள், நீங்க எடுங்க, இல்லை நீங்க எடுங்க என்று கால்மணி நேரம் போகும், பந்தியில் இதற்கென்றே தன் ஆள் ஒருத்தனை முதல் வரிசையில் உட்கார வைத்துப் பிசையச் சொல்வார் அவர், ஒருத்தன் பிசைந்தால் மண்டபமே பிசையும். கடைசித் துண்டையும் எடுக்க மாட்டார்கள். ஆறு தினுசு வைத்தால் ஆறு கடைசித் துண்டு பலகையிலேயே காயும், காயட்டும், காலிப் பலகை வீட்டுக்காரிக்கு அவமானம். ஆக, கறி. யார் யார் தின்பார்கள்? கலியபெருமாள் ஒன்று, அவருக்கு ஐம்பத்தாறு எல்லாம் கடைவாய்க்குக் காணாது, நூற்றிருபது. அவரோடு பட்டாளத்தில் இருந்த சிநேகிதர் துரைக்கண்ணு, அவருக்கும் அதே. செண்பகாவின் நாத்தனார் தனலட்சுமி, தன் அம்மாவைப் பார்த்து வெள்ளி கும்பிடுகிறவள், அவளுக்குக் கறி இல்லை. அவள் புருஷன் கஜேந்திரன், சர்க்கரை வியாதி, ஆனால் சர்க்கரைக்காரனுக்குக் கறியில் தடை இல்லையே, இனிப்பைப் பார்த்து ஏங்குகிறவன் உப்பில் பழிதீர்ப்பான், எண்பது. துரைக்கண்ணுவின் வீட்டம்மா போன தடவை பார்த்தபோது ஒரு வாழைப்பழத்தை முக்கால் மணி நேரம் தின்றவர், அவருக்கு நாலு பாதாம். மாப்பிள்ளை பாரி, எழுபது. செண்பகா. கோமதிநாயகம் அங்கே நின்றார். செண்பகா கறி தின்பாளா? கல்யாணமாகி மூன்று வருஷம், புருஷன் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் மீன், தின்னப் பழகியிருப்பாளா, தெரியாது, கேட்டதில்லை. ஊர் உலகத்தில் எவன் வீட்டு மாமன் எத்தனை அப்பளம் தின்பான் என்று சொல்லத் தெரியும், மகள் என்ன தின்கிறாள் என்று தெரியாது. சரி, அவளுக்குச் சீஸ். ஆகக் கலியபெருமாள், அஞ்சலாட்சி, தனலட்சுமி, கஜேந்திரன், துரைக்கண்ணு, அவர் வீட்டம்மா, பாரி, செண்பகா. விரல் தானாக மடங்கிக்கொண்டே வந்து எட்டில் நின்றுவிட்டது. மறுபடியும் எண்ணினார். எட்டு.

முப்பத்தாறு. அப்படியானால் அதுதான். இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது, கணக்கு என்றால் கணக்கு, விடை வந்துவிட்டது. துரைக்கண்ணுவின் வீட்டம்மா வராமல்கூட இருக்கலாம், மூட்டு வலிக்காரி, பாண்டிச்சேரியிலிருந்து மூன்று மணி நேரம் காரில் உட்கார முடியுமா, அப்படி வராவிட்டால் எட்டாவது ஆள் யார், யாராக இருக்க முடியும், என்று ஒரு மனசு துள்ளியது, சீ என்று அதை உட்காரவைத்தார். ஒரு கிழவிக்கு மூட்டு வலிக்க வேண்டும் என்று நினைக்கிற அளவுக்கா வந்துவிட்டோம். தொழில் முறைப்படி பார்த்தாலும் இது சரிதான். கல்யாண லிஸ்டில் எல்லாரும் உண்டு, பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, தெரு ஆட்கள், மேளக்காரர், போட்டோக்காரர், வேன் டிரைவர், வாழைமரம் கட்டுகிறவன் வரைக்கும் தலை எண்ணிப் போடுவார். சமையல் ஆட்களைத் தாளின் மறுபக்கம் எழுதுவார், அது மொத்தத்தில் சேராது. அந்த மறுபக்கத்திலும் தன்னை எழுதினதில்லை. நாற்பது வருஷத்தில் எத்தனை லட்சம் இலை, ஒன்றின் முன்னால்கூட அவர் சம்மணம் போட்டதில்லை. கடைசிப் பந்தி எழுந்து, பாத்திரம் கழுவ ஆள் வந்த பிறகு, சாமான் வைக்கிற கலவறைச் சன்னல் ஓரமாக நின்றபடியே ஒரு தட்டில் மோர்சாதம், ஊறுகாய்கூட மறந்துபோகும். பசிக்கவே பசிக்காது, ஆவியிலேயே வயிறு நிறைந்துவிடும், இதைச் சொன்னால் வெளி ஆட்கள் நம்ப மாட்டார்கள். செண்பகா கல்யாணத்திலும் அப்படித்தான். பாளையங்கோட்டையில் மண்டபம், ஆயிரத்து இருநூறு இலை. வேறு ஆளிடம் கொடுங்கள் அண்ணாச்சி, இன்னிக்கு ஒரு நாளாவது பட்டு வேட்டி கட்டிக்கிட்டு முன்னால நில்லுங்க என்று எத்தனை பேர் சொன்னார்கள், எப்படிக் கொடுப்பது, சொந்த மகள் கல்யாணத்தில் தேங்காய்ப்பால் சொதி திரிந்துபோனால் யாரைப் போய்க் கேட்பது. அதோடு மேடையில் அவருக்கு வேலை என்ன? செண்பகாவுக்குப் பதினாலு வயசாகும்போதே அவள் அம்மா இறந்துபோய்விட்டாள், சம்சாரம் இல்லாதவன் தாரை வார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள், அவருடைய அண்ணனும் மதினியும் மணையில் உட்கார்ந்தார்கள், அது முறை, அதில் அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கிடையாது என்றுதான் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கெட்டிமேளம் கேட்டபோது தேங்காய்ப்பால் சூடேறிக்கொண்டிருந்தது, விட்டுவிட்டு நகர முடியாது, நகர்ந்தால் திரிந்துவிடும். சாக்கு மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி அரிசி எடுத்து, மேடை எந்தப் பக்கம் என்று யோசித்து, கரி பிடித்த சுவரைப் பார்த்துத் தூவினார், நல்லா இரு தாயே என்றார், அடுப்பில் நின்ற பையன்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சொதி அமிர்தமாக இருந்தது என்று ஊரே சொன்னது. கலியபெருமாள் இரண்டு தடவை வாங்கி ஊற்றிக்கொண்டாராம். ஆல்பம் வந்தபோது நானூறு போட்டோவைப் புரட்டினார், ஒன்றில்கூட அவர் இல்லை, அதுவும் சரிதான், போட்டோக்காரன் அடுப்படிக்கு எதற்கு வருகிறான்.

"சார், இதை டேஸ்ட் பாக்கறீங்களா?" என்று கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குச்சியில் செருகின மஞ்சள் துண்டை நீட்டினாள், காத்திருக்கிறவர்கள் எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தாள், சட்டையில் மெர்லின் என்று எழுதியிருந்தது. "வேண்டாம்மா, எனக்கில்ல, விசேஷத்துக்கு" என்றார் கோமதிநாயகம். வாயில் தயாராக இருந்தது அந்த வாக்கியம். நாற்பது வருஷமாக மளிகைக்கடையில், காய்கறி மண்டியில், முந்திரியை நீட்டுகிறவனிடம், நெய்யைப் புறங்கையில் தொட்டு வைக்கிறவனிடம் அதையே சொல்லித்தான் பழக்கம். அந்தப் பெண் அடுத்த ஆளிடம் போய்விட்டாள். வாசனை மட்டும் இங்கேயே நின்றது, மூன்றாம் நாள் மாவும் ஈரத் துணியும் கலந்த மாதிரி ஒரு புளிப்பு, மோசமில்லை, பால் கெட்ட வாசனை இல்லை இது, பாலை வேண்டுமென்று கெடுத்து அதட்டி ஒழுங்குக்குக் கொண்டுவந்த வாசனை, சமையல்காரனுக்கு அந்த வித்தியாசம் புரியும். நாற்பத்தொன்று. அதோ அந்த மெஷின், வட்டக் கத்தி சுற்றுகிறது, கறிக்கட்டி முன்னும் பின்னும் போகிறது, ஒரு சீவலுக்கும் அடுத்த சீவலுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை, நல்ல கைதான். மெல்லிசாகச் சீவினால் பலகை நிறைந்து தெரியும், எடுக்கிறவனுக்கும் கூச்சம் தெரியாது, இரண்டு சீவல் எடுத்தால் ஒன்று எடுத்த மாதிரிதான் இருக்கும், ஆகவே மெல்லிசு என்று சொல்ல வேண்டும். கறி முந்நூற்றுத் தொண்ணூறு வந்தது, நானூறாக வைத்துக்கொள்ளலாம். சீஸ் எல்லாருக்கும், ஐந்நூறு. இதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதல், அது தொழில் தர்மம், எந்த லிஸ்டிலும் அவர் அதை எழுதுவதில்லை, ஆனால் போடாமல் இருந்ததில்லை. ஆகக் கூடி எட்டுப் பேருக்கு என்று வாங்கினால் ஒன்பது பேர் தாராளமாகச் சாப்பிடலாம். அப்புறம் என்ன, கேட்கவே வேண்டாமே. போய் நின்றால் ஒரு ரொட்டித் துண்டு, ஒரு அத்திப்பழம், யாருக்கும் குறையாது, எவனும் எண்ண மாட்டான். கோமதிநாயகத்துக்கு நெஞ்சு லேசானது, ஒரு நிமிஷம்தான், உடனே அதே இடத்தில் போய் முட்டிக்கொண்டது. சாப்பாடு காணும் காணாது என்பதா இப்போது பேச்சு? கூடுதலில் சாப்பிடுகிறவர்கள் யார் என்று அவருக்குத் தெரியாதா, வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்கிறவன், வழி தவறி மண்டபத்துக்குள் வந்தவன், வேன் கிளீனர். எல்லாரும் வயிறு நிறையத்தான் சாப்பிடுவார்கள், அவர்தானே போடச் சொல்கிறார். ஆனால் அவர்கள் பேரை எண்ணி யாரும் உலை வைத்ததில்லை. செண்பகா வீட்டுக்கு இந்த மூன்று வருஷத்தில் இரண்டு தடவை போயிருக்கிறார். இரண்டு தடவையும் வேலை முடிந்த கையோடு, வாசலுக்குப் பக்கத்தில் நின்றபடியே காப்பி, ரயிலுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார், ரயில் ராத்திரி எட்டரைக்கு, கிளம்பினது நாலு மணிக்கு. அவள் இருங்கப்பா என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இருந்திருப்பாரா, மாட்டார், ஆனால் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு ஏதோ காரணம் இருக்கிறது. அண்டாவைத் திறக்காமலே உள்ளே பருப்பு அடிப்பிடிப்பது மூக்குக்குத் தெரிகிற மாதிரி மூன்று வருஷமாக அது அவருக்குத் தெரிகிறது, மூடியைத் திறக்கத்தான் கை போகவில்லை. இன்றைக்குச் சாமானைக் கொடுத்துவிட்டு, இரண்டு பலகை, இரண்டு கத்தி என்று சொல்லிவிட்டு, அடுக்கிக் கொடுத்துவிட்டுக்கூட வரலாம், சமையலறையிலேயே நின்றுவிட்டு. சமையலறையில் நிற்பது அவருக்கு எப்போதும் சுகம்தான். அங்கே யாரும் தலை எண்ண மாட்டார்கள். இதை நினைத்தபோது கோமதிநாயகத்துக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. ஆயிரம் பேர் பசியைக் கணித்துச் சொல்கிற துணிச்சல் இருக்கிறது, ஒரே ஒரு ஆளைப் பற்றிக் கேட்கத் துணிச்சல் இல்லையா? அளவு தெரியாமல் அடுப்புப் பற்றவைக்கிறவனா நான்? எத்தனை பேர் என்று தெளிவாகச் சொல்லாத வீட்டுக்கு நான் வேலைக்கே போனதில்லையே. நாற்பத்து நான்கு என்று சிவப்பு எழுத்து மாறியபோது அவர் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டுவிட்டார்.

"அப்பா, கடையில கூட்டமா?" என்றாள் செண்பகா. பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம்.

"கூட்டந்தான். வந்துரும். ஏட்டி, ஒண்ணு கேக்கணும்."

"நீலமா பூத்த சீஸ் ஒண்ணு வச்சிருப்பாங்க, அதையா? நாத்தம் பிடிக்கலன்னா விட்டுருங்க, மாமா மட்டுந்தான் தின்பாரு."

"அதில்ல. எட்டுன்னியே."

"ஆமா."

"அந்த எட்டுல நான் உண்டா?"

குழாய் நின்றது. கடையில் மெஷின் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது, யாரோ ஆலிவ் காயில் கொட்டை எடுத்தது இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லப்பா" என்றாள்.

தெரிந்ததுதான், விரல் மடக்கி இரண்டு தடவை எண்ணிப் பார்த்ததுதான், ஆனாலும் கண்ணாடிப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சரிம்மா, அதுக்கென்ன, அளவுக்காகக் கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள், சத்தமாக இல்லை, பக்கத்து அறையில் யாரோ இருக்கிறார்கள் போல.

"கோவப்படாதீங்க. உங்கள எண்ணி எண்ணி எனக்கு அலுத்துப் போச்சுப்பா. கல்யாணத்தன்னைக்குப் பந்தியில எனக்கு இந்தப் பக்கம் அவரு, அந்தப் பக்கம் உங்களுக்குன்னு ஒரு இலை போட்டு வச்சிருந்தேன். கூப்பிட ஆள் அனுப்புனேன், வாறேன்னு சொல்லி விட்டீங்க. பரிமாறுறவங்க யாருக்குன்னு கேட்டாங்க, ஆள் வரும், போடுங்கன்னேன். எல்லாம் போட்டாங்க. சொதி ஊத்துனாங்க. பாயசம் வச்சாங்க. அத்தை பாத்தாங்க, மாமா பாத்தாங்க, நீ சாப்பிடும்மா, அவரு வந்துருவாருன்னாங்க. மோரு வர்ற வரைக்கும் நான் இலையில கை வைக்கல. அப்புறம் எல்லாரும் எந்திரிச்சாச்சு. அந்த இலைய அப்படியே மடிச்சு எடுத்துட்டுப் போனாங்க. அதுலருந்து உங்கள எதுலயும் சேக்கறதில்ல. சேத்தா நான் வாசலையே பாத்துக்கிட்டு இருப்பேன்."

கோமதிநாயகத்துக்கு அந்த இலையைத் தெரியும். எச்சில் இலைக் கூடையை எடுத்துக்கொண்டு ஆள் அடுப்படி வழியாகத்தான் போனான், மேலாக ஒரு இலை கனத்துக் கிடந்தது, அவர்தான் நிறுத்தி விரித்துப் பார்த்தார், சோறு கலையவில்லை, அப்பளம் உடையவில்லை, பாயசம் வழிந்து பருப்புக்குள் போயிருந்தது. எவம்லே அது, தொடாமலே எந்திரிச்சுப் போன பெரிய மனுஷன், சாப்பிடத் தெரியாதவனுக்கு எதுக்குலே இலை போடுதீங்க என்று கத்தினார். கூடைக்காரன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அவனுக்குத் தெரிந்திருக்கும். மண்டபத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். கோமதிநாயகத்துக்கு அழுகை வந்தது, கடை என்று பார்க்காமல் வந்தது, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வலது பக்கம் நின்ற அம்மாள் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"அப்பா? வச்சிட்டீங்களா?"

"நாற்பத்தேழு" என்று மெர்லின் கூப்பிட்டாள். "சொல்லுங்க சார், எத்தனை பேருக்கு?"

"செத்த இரும்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு, "ஏட்டி, வச்சிராத" என்றார் போனில். "தப்புத்தான். நான் செஞ்சது தப்புத்தான். இன்னைக்கு ஒன்பதாப் போடு."

"அப்பா, நாற்காலியே எட்டுதான் இருக்கு."

"பக்கத்து வீட்டுல ஒண்ணு கேட்டு வாங்கிப் போடு. அடுப்படிப் பக்கமே வரமாட்டேன். நான் உக்காருவேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"வந்து உக்காருங்க, அப்புறம் நம்புதேன்" என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை.

கோமதிநாயகமும் வைக்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, அந்தப் பக்கம் கேட்கும்படியாகக் கையில் பிடித்துக்கொண்டு, "ஒன்பது பேருக்கும்மா" என்றார் மெர்லினிடம்.